தாய்லாந்துக்கே போவதா, பக்கத்திலிருக்கும் தாய்லாந்து பாணி ரிசார்ட் போதுமா?

போன மாதம் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, போன் செய்து ஒரு மணி நேரம் பேசினார். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகப்போகிறது, எங்காவது போக வேண்டும். அத்தானுக்கு நான்கு நாள் லீவுதான் கிடைக்கும். ஏழு வயதுப் பையனையும் மூட்டு வலியோடு இருக்கும் மாமியாரையும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தாய்லாந்து பாணியில் ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. அங்கே இரண்டு இரவு ஸ்டேகேஷன் (தூரம் போகாமல் அருகிலேயே தங்கிக் கழிக்கும் விடுமுறை) போடுவதா, இல்லை கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துத் தாய்லாந்துக்கே போய்விடுவதா? "ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றார்.

இதே கேள்வியோடு தவிக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். நான் தாய்லாந்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். இப்படிப்பட்ட உள்ளூர் ரிசார்ட்டுகளிலும் தங்கியிருக்கிறேன். என் அனுபவத்தில் வித்தியாசம் மிகப் பெரிது. ஒன்று ஓய்வு தரும், மற்றது ஒரு நாட்டைக் காட்டும். இரண்டும் ஒரே பயணத்தில் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். உங்களுக்கு இப்போது எது வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடைபோடுவது?

விளம்பரப் படங்களை மட்டும் பார்த்தால் எல்லா இடமும் அழகுதான். அதனால் முதலில் அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம். நான் பார்ப்பவை ஐந்து.

முதலாவது, கையில் மிஞ்சும் ஓய்வு நேரம். இதை நாள் கணக்கில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், மணிக் கணக்கில் பார்க்க வேண்டும். பெட்டி கட்டுவது, பயணம், வரிசையில் நிற்பது எல்லாம் போக, ஒன்றும் செய்யாமல் உட்கார எத்தனை மணி நேரம் இருக்கிறது?

இரண்டாவது, தாய்லாந்தின் பண்பாடு எந்த அளவுக்கு உண்மையாகக் கிடைக்கிறது. மூன்றாவது, முழுச் செலவு. அறை வாடகையோடு நிற்காமல், வீட்டைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறக்கும்வரை ஆகும் மொத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். நான்காவது, கூட வருபவர்களின் உடம்பு: முழங்கால் வலி, குழந்தையின் தூக்க நேரம், மருந்து, பத்தியம். ஐந்தாவது, திட்டம் கெட்டால் என்ன ஆகும். கிளம்பும் நாளில் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு பணம் கையை விட்டுப் போகும்?

இந்த ஐந்தில் உங்களுக்கு முக்கியமான இரண்டை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் சமமாக முக்கியம் என்று நினைத்தால் முடிவே வராது.

## உள்ளூர் ரிசார்ட்டில் இரண்டு இரவு

ஓர் இரவு போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மதியம் 3 மணிக்கு அறை கொடுத்து, மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்யச் சொன்னால் ஓர் இரவுக்குக் கிடைப்பது 20 மணி நேரம். தூக்கத்துக்கு 8, சாப்பாட்டுக்கு 3, பெட்டியைப் பிரிக்கவும் கட்டவும் ஒன்றரை. மிஞ்சுவது ஏழரை மணி நேரம். இரண்டு இரவு தங்கினால் 44 மணி நேரம். தூக்கம் 16, சாப்பாடு 7, பெட்டி வேலை அதே ஒன்றரை. மிஞ்சுவது பத்தொன்பதரை. வாடகை இரண்டு மடங்குதான் ஆகிறது, ஓய்வோ இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. நடுவில் வரும் அந்த முழு நாள்தான் ஸ்டேகேஷனின் உயிர். ஓர் இரவுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், தங்காமல் ஒரு பகல் மட்டும் போய்வரும் பகல் பாஸ் மேல், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம், "தாய்லாந்து பாணி" என்ற பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கட்டடத்தில் அதைக் கொண்டுவருவது சுலபம். அடுக்கடுக்காகச் சரியும் கூரை, தேக்குத் தூண்கள், நான்கு பக்கமும் திறந்த 'சாலா' என்ற மண்டபம், வடக்குத் தாய்லாந்தின் லன்னா பாணி வீடுகளில் இருப்பதுபோல முகட்டில் இரண்டு பலகைகள் குறுக்காக ஏறி நிற்கும் 'காலே'. நல்ல கட்டடக் கலைஞர் ஒருவர் கிடைத்தால் ஓர் ஆண்டில் கட்டிவிடலாம். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பண்பாடு என்பது அங்கே வேலை செய்பவர்களின் கையில் இருக்கிறது: மசாஜ் செய்யும் கையில், சமைக்கும் கையில். நான் முதலில் தங்கிய இடத்தில் சுவரெல்லாம் தாய்லாந்து, கைகளில் அது இல்லை. தாய் மசாஜ் என்று பணம் கட்டிவிட்டுப் போனால் மேசையில் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். உடம்புக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு மசாஜ்.

### மசாஜ்: எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

'நுவாத் தாய்' என்று அவர்கள் சொல்லும் மரபு மசாஜில் எண்ணெய் கிடையாது. தளர்வான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் தருவார்கள். தரையில் விரித்த மெத்தையில் படுக்க வேண்டும். உடம்பில் ஆற்றல் ஓடுவதாக அந்த மரபு நம்பும் 'சென்' என்ற வழித்தடங்களில் கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, சில சமயம் முழங்கால், பாதம்கூட வைத்து அழுத்துவார்கள். நடுநடுவே கை கால்களை இழுத்து நீட்டி, ஆசனம் போட வைப்பதுபோலச் செய்வார்கள். நாம் சும்மா கிடப்போம், அவர்கள்தான் நம்மை யோகா செய்ய வைப்பார்கள். 2019-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த முறையைத்தான். பாங்காக்கின் வாட் போ கோயிலில் மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் பதித்த கல்வெட்டுகளில் மருத்துவமும் மசாஜும் இடம்பெற்றிருக்கின்றன. அதே கோயிலில் 1955-ல் தொடங்கிய மரபு மருத்துவப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு எங்கும் மதிப்பு உண்டு.

ஆகவே போனில் மூன்று கேள்வி கேட்டால் போதும். தரையில் மெத்தையா, மேசையா? உடைமாற்றிக்கொள்ளத் துணி தருவீர்களா? செய்பவர் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார்? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் அந்த ரிசார்ட்டின் பெயர்ப்பலகை பொய் சொல்லவில்லை.

'லூக் பிரகோப்' என்ற மூலிகைக் கிழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த 'பிளாய்' கிழங்கு, மஞ்சள், எலுமிச்சைப் புல், கற்பூரம் எல்லாம் துணியில் கட்டி, ஆவியில் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். இழுப்பும் நீட்டலும் ஒத்துவராத வயதானவர்களுக்கு அந்த ஒத்தடம் இதமானது. மாமியாரை அழைத்துப் போகும் அக்காவுக்கு நான் சொன்னதும் இதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காலில் ரத்தக் கட்டி இருந்தவர்கள், கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முழு தாய் மசாஜுக்குப் போகக் கூடாது. மருத்துவரைக் கேட்ட பிறகுதான் எதுவும். நல்ல இடமாக இருந்தால் இதையெல்லாம் அவர்களே முதலில் கேட்பார்கள். கேட்காமலே படுக்கச் சொல்லும் இடத்தில் நான் எழுந்து வந்துவிடுவேன்.

### சமையல்

மெனுவில் எத்தனை தாய் உணவு இருக்கிறது என்று எண்ணாதீர்கள். டாம் யாம் சூப் ஒன்றை மட்டும் வரவழைத்துப் பாருங்கள். எலுமிச்சைப் புல், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சை இலை மூன்றும் பச்சையாகப் போட்டிருந்தால் கிண்ணம் மேசைக்கு வருவதற்கு முன்பே மணம் வந்துவிடும். வெறும் மிளகாயும் புளிப்பும் மட்டும் இருந்தால் பொட்டலப் பொடியாக இருக்கலாம். இறால் போட்ட டாம் யாம் 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தப் பெருமை முழுக்க அந்த மூன்றின் சேர்க்கைக்குரியது என்பேன்.

சைவக்காரர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். தாய் சமையலில் உப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் சேர்ப்பது 'நாம் பிளா' என்ற மீன் சாறு. கறி மசாலா விழுதுகளில் 'கபி' என்ற இறால் விழுதும் இருக்கும். காய்கறி மட்டும் போட்ட 'கிரீன் கறி' (பச்சை நிறக் குழம்பு) என்று சொல்லிக் கொடுப்பதிலும் இவை இருக்கலாம். "அசைவம் இல்லாமல்" என்று பொதுவாகச் சொல்வது போதாது. "மீன் சாறு, இறால் விழுது இரண்டும் வேண்டாம்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சமையல்காரருக்கு 'ஜே' என்ற சொல் தெரிந்திருந்தால் நிம்மதி. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத உணவுக்குத் தாய்லாந்தில் அதுதான் பெயர். அதில் பூண்டு வெங்காயம்கூட இருக்காது.

### சிலைகள்

புத்தர் தலையைக் குளியலறையிலோ மதுக்கூடத்திலோ வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். தாய்லாந்தில் புத்தர் உருவம் வழிபாட்டுக்குரியது. அதை அலங்காரப் பொருளாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் பலகைகளைப் பாங்காக்கில் பார்க்கலாம். அங்கிருந்து சிலையை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். தலை உயர்ந்தது, பாதம் தாழ்ந்தது என்று நினைக்கும் சமூகம் அது. கால் நீட்டிப் படுக்கும் இடத்துக்கு எதிரே புத்தரை வைத்த ரிசார்ட், அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முயலவே இல்லை. சிலையே இல்லாமல், நுழைவாயிலில் தாமரை மொட்டுகளை மடித்துவைத்து, 'வாய்' (wai) என்று அவர்கள் சொல்லும் முறையில் கைகூப்பி வரவேற்கும் இடம் எனக்கு மேலாகத் தெரிகிறது.

குழந்தைகள் கூட வந்தால், வாழைத்தண்டில் பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி வைத்து 'கிராதோங்' செய்யக் கற்றுத்தருகிறார்களா என்று விசாரியுங்கள். தாய்லாந்தில் நவம்பர் வாக்கில் வரும் பௌர்ணமியில் லோய் கிராதோங் திருநாளன்று இதை நீரில் மிதக்கவிடுவார்கள். ஏழு வயதுப் பையனுக்கு ஒரு பிற்பகலே இதில் போய்விடும்.

### மறைந்திருக்கும் செலவு

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பதிவு செய்யும் தளத்தின் முதல் பக்கத்தில் காட்டும் தொகை வார நாளுக்கானது. வெள்ளி, சனிக்கும் பண்டிகை நாளுக்கும் விலை ஏறும். வரியும் சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் முளைக்கும். காலை உணவு இரண்டு பேருக்கு மட்டும் இருக்கலாம். கூடுதல் படுக்கைக்குத் தனிப் பணம். ஆண்டு இறுதியில் தங்கினால் சில இடங்களில் விருந்துக் கட்டணம் கட்டாயம்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு சாப்பாடு. ரிசார்ட் ஊருக்கு வெளியே இருக்கும், பக்கத்தில் கடை கண்ணி எதுவும் இருக்காது. இரண்டு நாளும் மூன்று வேளையும் அவர்கள் சொல்லும் விலைதான். ஒருமுறை இப்படித் தங்கிவிட்டு வந்து பில்லை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். சாப்பாடும் மசாஜும் சேர்ந்து அறை வாடகையையே தாண்டியிருந்தன. அதனால் நான் இப்போது அறை வாடகையை இரண்டால் பெருக்கித்தான் பட்ஜெட் போடுகிறேன். மிஞ்சினால் சந்தோஷம்.

### எப்போது இது சரி?

உடம்பு களைத்துப்போய், தூங்கவும் மிதக்கவும் மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கு. மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது. கைக்குழந்தை இருக்கும்போது. லீவு மூன்று நாளுக்குள் என்றால். மருத்துவமனை வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது என்ற தைரியம் வேண்டும் என்றால். கடைசி நிமிடத்தில் ரத்து செய்தாலும் ஒரு மணி நேரப் பயணம்தானே, வேறு தேதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பணம் திரும்பாது என்ற சலுகை விலையில் பதிவு செய்திருந்தால் அதுவும் நடக்காது. குழந்தையோடு போகிறவர்கள் அந்தச் சலுகையைத் தொடாமல் இருப்பது நல்லது.

## தங்காமல், ஒரு பகல் மட்டும்

பல ரிசார்ட்டுகளில் பகல் பாஸ் உண்டு. காலையில் போய்க் குளத்தில் குளித்து, மதியம் சாப்பிட்டு, மசாஜ் எடுத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பலாம். ஓர் இரவு தங்குபவருக்கு மிஞ்சும் அதே ஏழெட்டு மணி நேரம் இதிலும் கிடைக்கும். அறை வாடகை மிச்சம்.

குறை என்னவென்றால், சாய்ந்துகொள்ள உங்களுக்கென்று ஓர் அறை இருக்காது. ஈரத்துணியோடு குழந்தையைக் கூட்டிக்கொண்டு உடை மாற்றும் இடத்துக்கு அலைய வேண்டும். மதியம் கண்ணயர வேண்டிய பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார்கள். மசாஜ் முடிந்த கையோடு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புவதும் எனக்குப் பிடிக்காத விஷயம். அந்தத் தளர்ச்சியில் படுத்துத் தூங்கினால்தான் முழுப் பலன்.

இரண்டு பேர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறார்கள், நல்ல மசாஜும் நல்ல சாப்பாடும்தான் வேண்டும் என்றால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. அந்த ரிசார்ட்டில் பின்னால் ஒரு நாள் தங்கலாமா என்று சோதித்துப் பார்க்கவும் இதுதான் வழி.

## தாய்லாந்துக்கே போவது

ரிசார்ட்டில் கிடைக்காதது என்ன என்று கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது பாங்காக்கின் 'சாவோ சிங் சா' என்ற ராட்சத ஊஞ்சல். 1784-ல் முதலாம் ராமா மன்னர் நிறுவியது. அதன் அருகில் உள்ள தேவஸ்தான் என்ற இந்துக் கோயிலில் இன்றும் பிராமணக் குருமார்கள் நடத்தும் சடங்கின் பெயர் 'திரியம்பவாய்'. நம் திருவெம்பாவைதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. மார்கழியில் நாம் பாடுவது கடல் தாண்டி ஓர் அரச சடங்கின் பெயராக நிற்கிறது என்று தெரிந்து அந்தச் சிவப்புத் தூண்களின் கீழ் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சீலோம் சாலையில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பார்கள். தெற்கே தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடும் சொங்கிரானின் பெயரே 'சங்கிராந்தி'தான். தெருவில் தண்ணீர் அடிப்பதைத்தான் படங்களில் பார்க்கிறோம். வீட்டுக்குள் பெரியவர்களின் கையில் நறுமண நீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள், அதுதான் அந்த நாளின் மையம்.

இதையெல்லாம் எந்த ரிசார்ட்டும் கட்டித்தர முடியாது. தாய்லாந்துதான் வேண்டும் என்று மனசு சொன்னால், உள்ளூர் ரிசார்ட்டில் போய்ச் சமாதானம் தேடாதீர்கள். பணத்தைச் சேர்த்துவைத்து அடுத்த ஆண்டு போங்கள்.

மசாஜும் அங்கே மலிவு. சாதாரணக் கடைகளில் ஒரு மணி நேரத்துக்கு 250 முதல் 400 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை ஆகும். தினமும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

### நேரமும் காலமும்

நான்கு நாள் பயணம் என்றால் முதல் நாளும் கடைசி நாளும் விமான நிலையங்களில் போய்விடும். நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டையும் பார்க்க வேண்டிய இடங்கள் தின்றுவிடும். ஓய்வு என்று பார்த்தால் உள்ளூர் ரிசார்ட்டின் நடு நாளுக்கு ஈடாக ஒன்றும் மிஞ்சாது. என்னைக் கேட்டால் ஏழு நாளுக்குக் குறைந்து தாய்லாந்துக்குக் கிளம்புவது வீண்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் ஈரமும் குறைவு, கூட்டமும் விலையும் அதிகம். புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும். தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் சமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வடக்கே சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிப்பும் காட்டுத்தீயும் சேர்ந்து புகைமூட்டம். ஆஸ்துமா இருக்கிறவர்கள் அந்த மாதங்களில் அங்கே போக வேண்டாம்.

### மறைந்திருக்கும் செலவு

விமான டிக்கெட்டும் அறையும் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். போடாமல் விடுவது இவை. பெரிய ஹோட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதன் மேல் 7 சதவீத வரியும் சேரும். 1,000 பாட் என்பது 1,177 பாட் ஆகிவிடும். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம். பாங்காக்கின் அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட், வாட் போவுக்கு 300. மூன்று பெரியவர்கள் ஒரு காலைப் பொழுதில் இரண்டையும் பார்த்தால் 2,400 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாமல் போனால் அங்கேயே துணி வாங்க வேண்டிவரும். பயணக் காப்பீடு, சிம் அட்டை, தீவுகளுக்குப் படகு, தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்கான தனிக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

காகித வேலையும் உண்டு. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை, வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். விசா விதிகள் பாஸ்போர்ட்டைப் பொறுத்து மாறும், அடிக்கடி திருத்தவும் செய்கிறார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

### எப்போது இது சரி?

ஏழு நாளாவது லீவு இருந்து, நடக்கும் தெம்பும் இருந்தால். கோயில் படிக்கட்டும் வெயிலும் தரையில் உட்காருவதும் யாருக்கும் சிரமமில்லை என்றால். புதிய ஊரின் சந்தையிலும் தெருவிலும் அலைவதே உங்களுக்கு ஓய்வு என்றால். அப்படிப்பட்டவர்களை ரிசார்ட்டில் இரண்டு நாள் உட்காரவைத்தால் இரண்டாம் நாள் காலையிலேயே தவிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

## வீட்டிலேயே

இதையும் ஒதுக்க வேண்டாம். எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் வாங்கி ஒரு டாம் யாம், மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசி, இளஞ்சூடான நீரில் கால்களை ஊறவைத்து ஒரு மணி நேரம். மீன் சாறு பிரச்சினை இங்கே வராது, சமைப்பது நாம்தானே. வீடியோ பார்த்துவிட்டு யாரும் யாருக்கும் கழுத்தையும் முதுகையும் இழுத்து மசாஜ் செய்ய மட்டும் வேண்டாம். வீட்டில் சமைப்பவருக்கு இது ஓய்வு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கமாகச் சமைக்காதவர் சமைத்தால்தான் இது விடுமுறை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உள்ளூர் ரிசார்ட், 2 இரவு | பகல் பாஸ் | தாய்லாந்து | வீடு |
|---|---|---|---|---|
| ஓய்வு நேரம் | சுமார் 19 மணி நேரம் | 7 முதல் 8 மணி நேரம் | 4 நாளில் மிகக் குறைவு, 7 நாளில் பரவாயில்லை | சமைப்பவரைப் பொறுத்தது |
| தாய்லாந்துத் தன்மை | ஆட்களைப் பொறுத்தது | மசாஜ், சாப்பாடு மட்டும் | முழுமை | சுவை மட்டும் |
| கவனிக்க வேண்டிய செலவு | சாப்பாடு, வரி, வார இறுதி விலை | மசாஜ் | காப்பீடு, ஏடிஎம், நுழைவுக் கட்டணம் | ஏறக்குறைய இல்லை |
| முதியோர், குழந்தை | மிகவும் ஏற்றது | அறை இல்லாத சிரமம் | தெம்பு வேண்டும் | ஏற்றது |
| திட்டம் கெட்டால் | தேதி மாற்ற வாய்ப்பு உண்டு | இழப்பு குறைவு | இழப்பு அதிகம் | இழப்பு இல்லை |

## அக்கா என்ன செய்தார்?

அவர் குறித்துவைத்த இரண்டு அளவுகோல்கள் மாமியாரின் உடம்பும் ஓய்வு நேரமும். அப்படிப் பார்த்ததும் தாய்லாந்து தானாக விலகிவிட்டது. மாமியாரின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அத்தானுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். பையன் பத்து வயதைத் தாண்டியதும், பத்து நாள் லீவு சேர்த்துக்கொண்டு போகலாம் என்று பேசிவைத்திருக்கிறார்கள்.

அடுத்து ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் புதிய ரிசார்ட்டோடு சேர்த்து மூன்று இடங்களுக்கு அக்காவே போன் செய்தார். அந்தப் புதிய இடத்தில் எல்லாக் கேள்விக்கும் "எல்லாம் இருக்கு மேடம்" என்றுதான் பதில். இன்னொரு இடத்தில் மீன் சாறு என்றால் என்னவென்றே கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் போனை எடுத்தவர், சமையலறையில் கேட்டுவிட்டு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். மீன் சாறும் இறால் விழுதும் இல்லாமல் செய்து தருவார்களாம், விழுதைப் புதிதாக அரைக்க வேண்டும் என்பதால் ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டுமாம். மாமியாருக்கு மூட்டு வலி என்றதும், இழுத்துவிடும் மசாஜ் வேண்டாம், மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள், மூலிகை ஒத்தடம் மட்டும் கொடுக்கிறோம் என்றாராம். செவ்வாய், புதன் இரண்டு இரவுக்கு அங்கேதான் பதிவு செய்திருக்கிறார்.